குறை சொல்லி விற்ற வீடு

2012 ஜூன் 5, செவ்வாய்

ஏழாவது வீடும் பார்த்தாயிற்று. புரோக்கர் அஹமட் "கொஞ்சம் திருத்த வேணும் அண்ணன்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய பாஷை இப்போது எனக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் திருத்தம் என்றால் கூரை இல்லை. நல்ல காற்றோட்டம் என்றால் கதவு இல்லை. அமைதியான இடம் என்றால் பாதை இல்லை.

இன்றைய வீட்டுக்குள் ஒரு ஆடு குடியிருந்தது. வாடகைக்கு இடம் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு அறைக்கு வந்தேன். கீழே டயர் கடை. ரப்பர் வாசத்தோடு பாணும் பருப்பும். ருசி ஒன்றுதான்.

ஜூன் 10, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தபின் என் மனைவி யூஜீனியா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். வீட்டு வேலைக்கென்று போய் ஒன்பது வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு தரம் வந்தாள். இரண்டு தரமும் பள்ளிவாசல்துறையில் என் அக்கா வீட்டில், ஒரு மூலையைச் சேலையால் மறைத்துத்தான் இருந்தோம். இந்த டிசம்பரில் அவளுக்கு ஒப்பந்தம் முடிகிறது.

"எங்களுக்கெண்டு ஒரு வீடு இருந்தா வாறன். திரும்பவும் அந்தச் சேலை மறைப்புக்குள்ள வந்து இருக்க என்னால ஏலாதப்பா."

"வீடெல்லாம் பாத்தாச்சு. கதை முடியிற கட்டம்" என்றேன்.

"எப்பிடி வீடு?"

"நல்ல காத்தோட்டம்."

அஹமட்டின் பாஷை என் வாயிலும் வந்துவிட்டது. ஆட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 19

கொழும்பு 6.10. சிலாபம் 6.25. கல்பிட்டி 6.40. மன்னார் 7.00. புத்தளம் பஸ் நிலையத்தில் நான் டைம் கீப்பர். மற்றவர்கள் போகிற நேரத்தை எழுதுவதற்கு எனக்குச் சம்பளம். சண்டை முடிந்தபிறகு மன்னார் பஸ்ஸும் சேர்ந்துவிட்டது. புத்தகத்தில் ஒரு கோடு கூடிவிட்டது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளம் ஆடினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான். அதனால்தான் அசையாத கதிரையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார் ஆண்டவர்.

ஜூலை 1, ஞாயிறு

எட்டாவது வீடு. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால், மூன்றாவது ஒழுங்கையில். ஓட்டு வீடு. கேற் ஒரு பக்கம் கழன்று தென்னையில் சாய்ந்து நிற்கிறது. கிணறு உண்டு, கப்பி துருப்பிடித்திருக்கிறது. முன்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. எங்களுக்கு எட்டுகிற விலை வேறு. அப்படியென்றால் எங்கேயோ ஆடு இருக்கிறது என்று நினைத்தேன்.

"உள்ள பாப்பமா?" என்றேன்.

"உள்ள போகேலா அண்ணன். மனுசன் மௌத்தாகிப் பதினொரு நாள். அலீமா உம்மா இத்தாவுல ஈக்கிறாங்க. நாலு மாசமும் பத்து நாளும் பிற ஆம்பிளைக்கு முகம் காட்ட மாட்டாங்க, வெளியிலயும் எறங்க மாட்டாங்க."

"அப்ப வீட்டை எப்பிடிப் பாக்கிறது?"

"வெளியால பாருங்க."

"வெளியால பாத்தா எல்லாம் வீடுதான் அஹமட்."

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். அந்த உம்மாவுக்கும் அப்படி வந்த வீடு. வீட்டு உறுதிப்பத்திரம் அவர் பேரில். பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன் மர்ஸூக், கலியாணம் முடித்து கனமூலையில் மனைவி வீட்டில் இருக்கிறான். தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறான். இத்தா முடிந்தபிறகுதான் உம்மா நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைப்பார்.

கணவர் போனது ஜூன் 20. நாலு மாதம், ஒக்டோபர் 20. அதோடு பத்து நாள். அறைக்கு வந்து கலண்டரில் ஒக்டோபர் 30ஐச் சுற்றி வட்டம் போட்டேன். நேரம் குறிக்கிறதுதானே என் தொழில்.

ஜூலை 8, ஞாயிறு

மர்ஸூக் என்னை விறாந்தையில் ஒரு கதிரையில் இருத்தினான். வாசலில் பச்சைத் திரை. திரைக்கு உள்ளே உம்மாவும், துணைக்கு வந்து நிற்கிற அவருடைய மச்சியும். மச்சியின் இருமல் மட்டும்தான் கேட்டது.

"வீடு வாங்க வந்த தம்பி எந்த ஊரு?" திரை கேட்டது.

"பள்ளிவாசல்துறை, உம்மா. பேர் அல்பேட்."

"மீன் புடிக்கப் போறவரா?"

"இல்ல உம்மா. கடலுக்குப் போனா எனக்கு வாந்தி."

திரை சிரித்தது. மச்சியும் இருமலை நிறுத்திச் சிரித்தார்.

"அப்ப கேட்டுக்கோங்க தம்பி. அஞ்சு இடத்துல ஒழுகும். நடு அறையில ரெண்டு, அதுல ஒண்டு கட்டில் போடுற மூலைக்கு நேரா. முன் அறையில ஒண்டு. பின் நடையில ஒண்டு. சமையலறையில அடுப்புக்கு மேல ஒண்டு. இப்ப வெயில் காலம், தெரியாது. ஐப்பசி மழை வந்தாத்தான் தெரியும். பொறகு, முன்சுவர் அழகா ஈக்கிதெண்டு பாத்திருப்பீங்க. அது மகன் போன கிழமை அடிச்ச சுண்ணாம்பு. எங்கட மனுசன் அந்தச் சுவருக்குக் களப்புப் பக்கத்து மண்ணைக் கழுவாமப் போட்டுட்டார். உப்பு. எத்தின தரம் அடிச்சாலும் நாலஞ்சு மாசத்துல பூத்துக் கொட்டும்."

மர்ஸூக் தலையில் கை வைத்தான். "உம்மா, நீங்க ஊட்டை விக்கிறீங்களா, விக்காமத் தடுக்கிறீங்களா?"

"குறையை மறைச்சு வித்தா அந்தச் சல்லியில பரக்கத் ஈக்காது மகன். வாப்பா நாப்பது வருசம் யாவாரம் செஞ்ச மனுசன். ஓட்டைப் பானையை வித்தாலும் ஓட்டையைக் காட்டித்தான் வித்தார்."

"அதனாலதான் நாங்க இன்னும் ஓட்டை ஊட்டுல ஈக்கிறம்" என்றான் அவன்.

என் அக்கா ஊரில் மீன் விற்கிறவள். முந்தாநாள் மீனைப் பிடித்துக்கொண்டு "இப்பதான் கரைக்கு வந்தது, வாலை ஆட்டுது பார்" என்பாள். இதைக் கேட்டால் மயங்கி விழுவாள்.

ஜூலை 9

நேற்று ஒருவர் என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தார். அதற்கு முன்னால் யாரோடு அரை மணித்தியாலம் கதைத்தேன் என்று பஸ்ஸுக்குப் பஸ் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வெளிவேலைகளை இப்போதே தொடங்கலாம் என்று மர்ஸூக் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நேரே அங்கேதான். இன்றைக்குக் கேற்றுக்குப் புதுப் பிணைச்சல் போட்டேன். பூட்டியபின்தான் தெரிந்தது, தலைகீழாகப் போட்டிருக்கிறேன். கேற் திறக்கிறது, ஆனால் உள்ளே வருகிறவன் குனிந்து தூக்கித் தள்ள வேண்டும். திருடனுக்கு நல்ல பாதுகாப்பு.

உம்மா திரைக்குள்ளிருந்து வேலை வாங்குகிறார். ஆளை நான் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் சுத்தியல் சத்தத்தை வைத்தே "தம்பி, ஆணி வளைஞ்சு போச்சு" என்கிறார். வளைந்துதான் போயிருந்தது.

நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு திறக்கிற நேரம் திரைக்குக் கீழால் ஒரு கோப்பை கஞ்சி வந்தது. "நோன்பு புடிக்காட்டியும் வேலை செஞ்சீங்கதானே, குடிங்க."

விறாந்தைப் படியில் உட்கார்ந்து குடித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடிக்கிற சத்தம். பள்ளியில் பாங்கு சொல்லி முடிந்த அமைதி. யூஜீனியா கடைசியாகப் போனபிறகு இன்னொருவர் சாப்பிடுகிற சத்தம் கேட்க நான் சாப்பிட்டது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 27, வெள்ளி

யூஜீனியா எடுத்தாள். அவளுடைய மேடம் வீட்டிலும் நோன்பு. விடிய நாலு மணிக்கு எழும்புகிறாளாம்.

"எனக்கும் நோன்புக் கஞ்சி, உங்களுக்கும் நோன்புக் கஞ்சி" என்று சிரித்தாள். பிறகு வீட்டைக் கேட்டாள்.

"ஓடெல்லாம்?"

"புதுசு மாதிரி."

"சமையலறை?"

"பளபளக்குது."

இதுவரைக்கும் நான் கண்ணாலும் காணாத சமையலறை.

"அப்ப சரி" என்றாள். அந்த "அப்ப சரி"யில் ஏன் சந்தோசம் இல்லை? நான் நல்லதைத்தானே சொன்னேன்?

ஓகஸ்ட் 26, ஞாயிறு

மகள் ஷானிகாவுக்குப் பாடசாலை விடுமுறை. சிலாபத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்து படிக்கிறாள். பதினாறு வயது. மாதத்துக்கு ஒரு தரம் வருவாள். "படிப்பு எப்படி?" என்பேன். "நல்லம்" என்பாள். "சாப்பாடு?" "நல்லம்." பிறகு இருவரும் டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்றைக்கு வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். "பொம்புளப் புள்ளதானே, உள்ள அனுப்புங்க" என்றார் உம்மா. திரை விலகிற்று, பிள்ளை உள்ளே போனாள், திரை மூடிற்று. நான் வாங்கப்போகிற வீட்டுக்குள் என் மகள் இருக்கிறாள், நான் வெளியே கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலம். உள்ளே கதை, கதை, ஒரே கதை. என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் கேட்டேன்: "என்ன கதைச்சீங்க?"

"சும்மா."

"உம்மா எப்பிடி இருக்கிறா?"

"சிரிச்சா கண் ரெண்டும் மூடிப்போகும் அப்பா. வட்டிலப்பம் தந்தாங்க." கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சமையலறை கரி புடிச்சுக் கிடக்கு. நீங்க அம்மாவுக்குப் பளபளக்குது எண்டு சொன்னீங்களாம்."

"அம்மா சொன்னாவா?"

"ஓம். நான் அதை உம்மாவுக்குச் சொன்னன். உம்மா சிரிக்கல்ல."

செப்டெம்பர் 2, ஞாயிறு

பின் மதிலுக்கு மூன்று கல் வைத்தேன். இரண்டு நிற்கிறது.

போகப்போகிற நேரம் திரை கூப்பிட்டது.

"தம்பி, ஒண்டு கேட்டாக் கோவிப்பீங்களா?"

"இல்ல உம்மா."

"எண்ட ஊட்டுக் குறையெல்லாம் உங்களுக்குச் செல்லிட்டன். நீங்க ஏன் அதை உங்கட ஊட்டுக்காரிக்குச் செல்லல்ல?"

"பயப்படுவாள் உம்மா. வராம விட்டுடுவாள்."

"நீங்க கேட்டுட்டு வராம விட்டீங்களா?"

உள்ளே மச்சி இருமினார். அவரும் உம்மா பக்கம்தான் போலிருந்தது.

செப்டெம்பர் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பகல் இரண்டு மணிக்கு எடுத்தாள். சத்தம் கேட்காமல் இருக்கக் கல்பிட்டி பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்து ஒழுக்கையும் சொன்னேன். உப்புச் சுவர், கரி பிடித்த சமையலறை, தலைகீழ்ப் பிணைச்சல். சொல்லத் தொடங்கியபின் வாய் நிற்கவில்லை. நான் சமையலறையோடு அனெக்ஸ் ஒன்றில் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், ஐந்து வருடமாக. டயர் கடைக்கு மேல் ஒரு அறை, பொதுக் குழாயில் குளிப்பு என்று சொன்னேன். ஷானிகா ஒவ்வொரு கிழமையும் வருகிறாள் என்று சொன்னதும் பொய், மாதத்துக்கு ஒரு தரம்தான், வந்தாலும் என்னோடு கதைக்கிறாளில்லை என்றேன். கடைசியில்,

"எனக்குத் தனிய இருக்க ஏலாம இருக்கு யூஜீனியா" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கல்பிட்டி பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நேரம் எழுதச் சொல்லி. கேட்டாளோ கேட்கவில்லையோ. "ம்" என்ற மாதிரி ஒரு சத்தம். பிறகு லைன் இல்லை.

பஸ் நாலு நிமிடம் பிந்திப் போனது. என்னால்.

செப்டெம்பர் 14, வெள்ளி

எடுக்கல்ல.

செப்டெம்பர் 21, வெள்ளி

எடுக்கல்ல. நான் எடுத்தா அரபில ஒரு பொம்புள என்னமோ சொல்லுது. போன் நிப்பாட்டியிருக்காக்கும். இல்லாட்டி காசு முடிஞ்சிருக்கும். இல்லாட்டி — வேற என்ன?

வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒன்பது வருசம் பொய் சொன்னவனுக்கு இன்னும் மூண்டு மாசம் பொய் சொல்லத் தெரியல்லயா? சொல்லச் சொன்ன மனுசி திரைக்குள்ள இருக்கிறா, தனிய இருக்கிறது நான்தானே.

செப்டெம்பர் 23, ஞாயிறு

அந்த வீட்டுக்குப் போகவில்லை. அறையில் படுத்திருந்தேன். கீழே ஒருவன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே இருந்தான்.

செப்டெம்பர் 30, ஞாயிறு

போனேன். "போன கிழமை சத்தமே இல்ல" என்றார் உம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் செல்லித்தான் வந்தது. எண்ட பொழை" என்றார். பிறகு, "அட்வான்ஸைத் திருப்பித் தரச் செல்லுறன் மகனுக்கு. வேணாமெண்டா வேணாம், தம்பி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கையில் சுத்தியல். கிணற்றடியில் நான் தைத்த பலகை. தலைகீழ்க் கேற்.

"வேணும் உம்மா" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஒக்டோபர் 5, வெள்ளி

எடுத்தாள்! மூன்று மணி பத்து. சிலாபம் பஸ் வெளிக்கிட்ட கையோடு.

முதலில் அழுதாள். பிறகு ஏசினாள். ஏச்சு என்றால், ஒன்பது வருட ஏச்சு. நான் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னாள்:

"இஞ்ச பாருங்க, என்னட்டயும் ஒரு குறை இருக்கு. டிசம்பரில வாறன் எண்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டு, நோன்புக்குள்ளயே மேடத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறன் எண்டு சொல்லிட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஏன் தெரியுமா? எப்ப எடுத்தாலும் எல்லாம் நல்லம், நல்லம், நல்லம். பிள்ளை நல்லம். வீடு நல்லம். நீங்க நல்லம். எல்லாம் நல்லா இருக்கிற இடத்துக்கு நான் எதுக்கப்பா? இஞ்ச ஒரு கிழவி இருக்கிறா, நான் இல்லாட்டி அவவால கட்டிலால எழும்ப ஏலாது. அதுக்காவது நான் வேணும் எண்டு நினைச்சன்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம், ஒன்பது வருடமாக.

வைக்கிறதற்கு முன்னால் கேட்டாள்: "அந்தக் கட்டில் மூலை எண்டு சொன்னீங்களே, அது யன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?"

"தெரியாது. நான் இன்னும் உள்ள போகல்ல."

"உள்ள போகாமலா வீடு வாங்குறீங்க!" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பார்த்து என்று எழுதிவிட்டேன். கேட்டு.

ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒக்டோபர் 14, ஞாயிறு

உம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு வருசமா?" என்றார். "வந்து சேரட்டும். நான் துஆ கேக்கிறன்."

பிறகு, "இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி எனக்கும்" என்றார்.

"ஓம் உம்மா. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்."

அடுத்த இரண்டு ஞாயிறும் வர முடியாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விசேட பஸ்கள், எனக்கு லீவு இல்லை. பரவாயில்லை. 30ஆம் திகதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அரைக் கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். முகம் மூடியிருந்தால் மூடியிருக்கட்டும், வாசலில் திரை இல்லாமல் நின்று ஒரு தரம் நன்றி சொல்ல வேண்டும். இந்த வருடத்தில் நான் அதிகம் கதைத்தது அந்தத் திரையோடுதான்.

ஒக்டோபர் 30, செவ்வாய்

விடியத் தொடக்கம் காற்றும் மழையும். புயல் ஒன்று கடலில் நிற்கிறதாம். கலியாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டு, மஸ்கட் பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனேன். கேற்றில் பூட்டு.

அஹமட் எதிர்க்கடைக்குள் மழைக்கு ஒதுங்கி நின்றான். "அண்ணன்! திறப்பு என்னட்டத்தான் ஈக்கிது. உம்மா வெள்ளிக்கிழமையே இத்தா முடிஞ்சு எழும்பிட்டாங்க. பெருநாளைக்கு மகன் கனமூலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்."

"இண்டைக்குத்தானே முப்பது?"

அவன் என்னைப் பார்த்தான். "இங்கிலீஸ் மாசத்திலயா எண்ணினீங்க? இது பிறைக் கணக்கு அண்ணன். பிறை மாசத்துக்கு முப்பத்தொண்டு இல்ல. நாலு நாள் முந்தியே முடிஞ்சுது."

டைம் கீப்பர் அல்பேட். ஊருக்கெல்லாம் நேரம் எழுதுகிறவன். நாலு நாள் பிந்தி வந்து நிற்கிறேன், கையில் மஸ்கட்டோடு.

கதவைத் திறந்து முதல் தரமாக உள்ளே போனேன். இருட்டு. பச்சைத் திரை கழுவி, மடித்து, ஒரு ஸ்டூலின்மேல் இருந்தது. பிறகு சத்தம் கேட்டது. டக். டக். டக்.

நடு அறையில் ஒரு அலுமினியப் பேசின். கட்டில் போடுகிற மூலையில் — யன்னல் பக்கம் — ஒரு பெரிய சட்டி. முன் அறையில் வாளி. பின் நடையில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சிவப்புத் தொட்டி. சமையலறையில் அடுப்புக்குமேல் இன்னொரு பேசின். ஐந்து. உம்மா போன அன்றைக்கு மழை இல்லை, நல்ல வெயில் என்று அஹமட் சொன்னான். இருந்தும் ஒவ்வொன்றையும் அளந்து வைத்ததுபோல வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு துளி நிலத்தில் விழவில்லை.

ஸ்டூலில் இருந்த திரையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். மஸ்கட்டில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மிச்சத்தை அஹமட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 5, திங்கள்

நொத்தாரிசு கனமூலைக்கே போய் உம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு டியூட்டி. உறுதியைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, அ — லீ — மா.

மர்ஸூக் போன் எடுத்துத் தாயிடம் கொடுத்தான்.

"தம்பி, ஒழுகுதா?"

"ஒழுகுது உம்மா. நீங்க சொன்ன அஞ்சு இடத்திலயும்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "ஆறாவது ஒண்டு வந்திருமோ, செல்லாமப் போயிட்டனோ எண்டு பயந்துக்கிட்டே ஈந்தன்."

நான் பிந்திப்போன கதையைச் சொன்னேன். சிரித்தார். கண் இரண்டும் மூடியிருக்கும்.

நவம்பர் 9, வெள்ளி

யூஜீனியா. அவள் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் கூட்டிக் குறைத்து நினைக்காமல் இருக்க.

"மேடத்தோட கதைச்சிட்டன். ரெண்டு வருசம் நிக்க மாட்டன் எண்டு சொல்லிட்டன். கிழவிக்கு வேற ஆள் வரும் வரைக்கும் மட்டும். மார்ச் கடைசியில விடுறன் எண்டு சொல்லியிருக்கிறா. சொல்லியிருக்கிறா, அவ்வளவுதான். டிக்கட் கையில வந்தாத்தான் உறுதி. அதையும் சொல்லிட்டன், பிறகு பொய் எண்டு சொல்லாதீங்க. அந்தச் சமையலறையை ஒருத்தரும் தொடவேண்டாம். நீங்க செய்தா அடுப்பைத் தலைகீழா வைப்பீங்க. நான் வந்து செய்யிறன்."

நவம்பர் 18

குடிவந்துவிட்டேன். சாமான் ஒரு முச்சக்கர வண்டிக்குள் அடங்கிவிட்டது. டயர் வாசம் இல்லாமல் பருப்புக்கு வேறு ருசி. ஷானிகா நேற்று வந்து நடு அறையை எடுத்துக்கொண்டாள், கேட்காமலே. "ஒவ்வொரு கிழமையும் வாறதெண்டா சிஸ்டருக்கு நீங்க கடிதம் எழுதித் தரோணும்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இரண்டு பிழையோடு எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

மேசன் பஸ்தியான் பாஸ் வந்து ஓடு மாற்றினார். நாலு ஒழுக்கும் நின்றுவிட்டது. முன்சுவர் பூக்கத் தொடங்கிவிட்டது, உம்மா சொன்ன கணக்குக்கு. பார்க்கப் பழகிவிடும்.

கலண்டரில் எண்ணினேன். இன்றைக்கிருந்து நாலு மாதம் என்றால் மார்ச் 25. பிறையில் எண்ணினால் மார்ச் 23. விமானம் பிறை பார்த்து இறங்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் 23ஐச் சுற்றித்தான் வட்டம் போட்டேன். இரண்டு நாள் முந்தி நின்றால் ஒன்றும் குறைந்துபோகாது.

"ஏணி நிக்கேக்கயே சமையலறையையும் முடிச்சிடுவமே அண்ணன்" என்றார் பஸ்தியான் பாஸ். "ஒரு ஓடுதானே, இதுக்காக நான் திரும்பவும் வாறதா?"

"வாங்க பாஸ், மார்ச்சில" என்றேன்.

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பகல் முழுக்க மழை. சமையலறைப் பேசினை மூன்று தரம் வெளியே ஊற்றினேன்.